மூங்கிலுக்குள் முட்டையிடும் வெண்புள்ளிப் புதர்த்தவளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தத் தவளை? பார்க்க எப்படி இருக்கும்?

அறிவியல் பெயர் ராவோர்கெஸ்டிஸ் கலசோடிஸ். மரத்தவளைகள் அடங்கிய ராக்கோபோரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் நீளம் சுமார் 25 மில்லிமீட்டர்தான். முதுகு பளிச்சென்ற பச்சை, தொடைகள் சாம்பல் கலந்த நீலம், கருவிழியைச் சுற்றிப் பொன்னிறத் திட்டுகள். விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத்தட்டுகள் இருக்கும். வழுவழுப்பான மூங்கில் தண்டிலும் ஈர இலையிலும் வழுக்காமல் ஏறுவதற்கு அவைதான் உதவுகின்றன.

திருவிதாங்கூரிலிருந்து போன மாதிரிகளை வைத்து 1876-ல் விலங்கியலாளர் ஆல்பர்ட் குந்தர் இதை முதன்முதலில் விவரித்தார். அப்போது இக்சாலஸ் என்ற பேரினத்தில் இருந்தது. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாத இந்தியப் புதர்த்தவளைகள் பலவற்றை 2010-ல் ஒரு தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். தென்னிந்தியத் தவளைகளை ஆராய்ந்த சி. ஆர். நாராயண ராவின் நினைவாக அதற்கு ராவோர்கெஸ்டிஸ் என்று பெயரிட்டார்கள்.

எங்கே வாழ்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கோடியில், அகத்தியமலைப் பகுதியில். தமிழ்நாட்டில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும், அதன் மேல்விளிம்பில் உள்ள மேல் கோதையாறு பகுதியும் இதன் இருப்பிடம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி வழியாகக் கோதையாறு வரை ஏறும் மலைச்சாலையை அறிந்தவர்களுக்கு நிலம் உடனே கண்ணில் வரும். அந்த மலை முழுவதும் இந்தத் தவளை இருக்கும் என்று எண்ண வேண்டாம். சாலையோரத் தேயிலையில் இருக்காது, காய்ந்த சரிவுப் புல்லிலும் இருக்காது. மழைக்காட்டுக்குள், அதிலும் நாணல் மூங்கில் அடர்ந்த இடங்களில் மட்டுமே தேட முடியும்.

அந்த மலையில் அப்படி என்ன விசேஷம்?

இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபரில் வரும் வடகிழக்குப் பருவமழையும் ஊத்து, நாலுமுக்கு வட்டாரத்தை நனைக்கின்றன. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகும் இடங்களில் இவை சேரும். காக்காச்சி சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெடிப்பலா மரங்கள் ஓங்கிய பசுமைமாறாக் காடு அது. மழை இல்லாத நாளிலும் பிற்பகலில் மஞ்சு இறங்கி இலைகளை நனைத்துவிட்டுப் போகும்.

தவளையின் தோல் நீரை உள்ளே இழுக்கும், வெளியேயும் விடும். முட்டைக்கோ ஓடு கிடையாது. தண்ணீருக்குள் இடப்படாத முட்டை, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை நம்பியே வளர வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி ஈரம் குறையாத மலை என்பதால்தான் இப்படியொரு வாழ்க்கை இங்கே சாத்தியமானது.

களக்காடு முண்டந்துறை 1988-ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. புலிக்காக வரைந்த எல்லை தவளையையும் காக்கிறது. ஆனால் எல்லைக்கோடு மட்டும் போதாது. ஏன் என்பது கீழே மூங்கில் வெட்டு பற்றிய பதிலில்.

நாணல் மூங்கில் என்றால் ஆற்றங்கரை நாணலா, சாதாரண மூங்கிலா?

இரண்டும் இல்லை. ஓக்லாண்ட்ரா திருவாங்கோரிகா என்ற தனி இனம், மூங்கில் குடும்பம். தண்டு 2 முதல் 6 மீட்டர் உயரம் வரை வளரும், 2.5 முதல் 5 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும். சுவர் மெல்லியது. இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட துண்டு, அதாவது கணுவிடை, அரை மீட்டர் அல்லது அதற்கும் மேல் நீளும், உள்ளே முழுக்கக் காலி. ஓடை ஓரங்களிலும், காட்டில் மரம் விழுந்து வெளிச்சம் புகுந்த இடங்களிலும் மனிதர் நுழைய முடியாதபடி புதராக மண்டிவிடும்.

தவளைக்குத் தேவை அந்தக் காலியான துண்டு. அதற்குள் வெயில் விழாது, காற்று வீசாது, ஈரம் எளிதில் வெளியேறாது.

மூங்கிலுக்குள் எப்படி நுழைகிறது? தவளையே துளை போடுமா?

போடாது. இந்தச் சிறு தவளையால் மூங்கில் சுவரைத் துளைக்க முடியாது. பூச்சிகளோ கொறிணிகளோ ஏற்படுத்திய பிளவையே இது பயன்படுத்திக்கொள்கிறது. அந்தப் பிளவு மிகச் சிறியது, 5 முதல் 10 மில்லிமீட்டர் நீளம், 3 முதல் 4 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும். 25 மில்லிமீட்டர்த் தவளை உடலைத் தட்டையாக்கி, நெளிந்து, சிரமப்பட்டுத்தான் உள்ளே போகிறது.

பிளவு கணுவிடையின் அடிப்பக்கம் இருப்பது முக்கியம். மேலே மட்டும் துளை இருந்தால் உள்ளே வந்த மழைநீர் கீழ்க்கணுவில் தேங்கி நிற்கும். அடியில் துளை இருந்தால் நீர் வடிந்துவிடும், ஈரம் மட்டும் தங்கும். பிளவு மிகப் பெரிதாக இருந்தாலும் நல்லதல்ல. முட்டை தின்னும் பெரிய உயிர்களுக்கு அது கதவைத் திறந்துவைத்த மாதிரி.

ஆக, இந்தத் தவளைக்கு வேண்டியது உயிருள்ள, நிற்கும், உள்ளே காலியான, சரியான இடத்தில் சரியான அளவுப் பழுது உள்ள மூங்கில். ஒரு புதரில் நூறு தண்டு நின்றாலும் அவற்றில் எல்லாமே வீடாகிவிடாது.

தலைப்பிரட்டை எங்கே வளரும்? உள்ளே தண்ணீர் இருக்குமா?

தலைப்பிரட்டையே கிடையாது. ராவோர்கெஸ்டிஸ் பேரினம் முழுவதற்கும் பொதுவான குணம் இது. தலைப்பிரட்டைக் கட்டத்தை முட்டைக்குள்ளேயே கடந்து, கால்கள் முளைத்த முழு உருவக் குஞ்சுத்தவளையாக வெளியே வரும். குளமோ ஓடையோ தேவையில்லை.

இந்தப் பேரினத்தின் பிற தவளைகள் இலை மேலோ, பாசியிலோ, சருகிலோ முட்டையிடும். இந்த இனம் 5 முதல் 8 முட்டைகளைக் கணுவிடையின் உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. குளத்தில் ஆயிரக்கணக்கில் இடும் தேரையோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை மிகக் குறைவு. குஞ்சு முழு வளர்ச்சி பெறும்வரை உணவு முழுவதும் மஞ்சள்கருவிலிருந்தே வர வேண்டும். அதனால் முட்டை பெரிது, எண்ணிக்கை சிறிது. ஒரு மூங்கில் தண்டு போனால் ஒரு முழு ஈட்டு முட்டையும் போய்விடும் என்பதை இங்கே மனதில் வைக்க வேண்டும்.

ஆண் தவளைதான் முட்டையைக் காக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், முழுப் பொறுப்பும் ஆணுக்கே. ஆண் முதலில் தகுந்த கணுவிடைக்குள் புகுந்து, உள்ளிருந்தே குரல் கொடுக்கும். பெண் அந்தக் குரலைத் தேடி வந்து, முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் அங்கேயே தங்கும். மாலையில் சில மணி நேரம் இரை தேட வெளியே போய்விட்டுத் திரும்பிவிடும்.

எதிரி யார் என்பதுதான் பலருக்கும் வியப்பளிக்கும் விஷயம். எறும்பு, பூச்சிகளும் ஆபத்துதான். ஆனால் கே. எஸ். சேஷாத்ரியும் டேவிட் பிக்ஃபோர்டும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, பெரிய ஆபத்து அதே இனத்தின் வேறு ஆண்களே என்று காட்டியது. காவல் நிற்கும் ஆணை ஆய்வுக்காக விலக்கியபோது, வேறு ஆண்கள் உள்ளே வந்து முட்டைகளைத் தின்றன. துளையுள்ள கணுவிடை அரிது, அதற்குப் போட்டி கடுமை. பிறர் முட்டையைத் தின்றால் உணவும் கிடைக்கும், வீடும் கிடைக்கும். காவல் தவளை உள்ளே இருந்தால் குரல் எழுப்பியும் எதிர்த்தும் தடுத்துவிடும்.

எனவே தந்தையைத் தொந்தரவு செய்வது முட்டையை அழிப்பதற்குச் சமம். நல்ல படம் எடுக்க வேண்டும் என்று தண்டைத் தட்டி வெளியே வரவழைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. தவளை திரும்பி வருவதற்குள் உள்ளே என்ன நடந்தது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

136 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது எப்படி?

1874-ஆம் ஆண்டுப் பதிவுக்குப் பிறகு இது காணாமல்போன இனமாகவே கருதப்பட்டது. காணாமல்போன இந்தியத் தவளைகளைத் தேடும் நாடு தழுவிய முயற்சியைத் தவளை ஆய்வாளர் எஸ். டி. பிஜு 2010 நவம்பரில் தொடங்கினார். அதன் முதல் முடிவுகளாக 2011-ல் ஐந்து இனங்களின் மறுகண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. அவற்றில் மிக நீண்ட இடைவெளி இந்தத் தவளைக்குத்தான், 136 ஆண்டுகள். மேல் கோதையாற்றில் இதைக் கண்டவர்கள் ஆர். கணேசன், கே. எஸ். சேஷாத்ரி, பிஜு.

தவளை தேடுபவர்கள் வழக்கமாக ஓடை, குளம், இலைப்பரப்பு, சருகு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பகலில் மூங்கில் தண்டுக்குள் இருக்கும் உயிர் அந்தத் தேடலில் சிக்காது. தலைப்பிரட்டை இல்லாததால் நீரில் வலை வீசினாலும் தடயம் கிடைக்காது. அங்கே எழும் மழைத்தவளைக் கூச்சலில் மூங்கிலுக்குள்ளிருந்து வரும் குரலைப் பிரித்தறிவதும் கடினம். மூங்கிலுக்குள் முட்டையிடும் பழக்கம் சேஷாத்ரி, கே. வி. குருராஜா, பிக்ஃபோர்ட் ஆகியோரின் ஆய்வில்தான் விரிவாக வெளிவந்தது. உலகத் தவளைகளில் அதுவரை பதிவாகாத இனப்பெருக்க முறை என்று அவர்கள் அதை விவரித்தார்கள்.

இதைப் போல வேறு தவளை உண்டா?

ராவோர்கெஸ்டிஸ் ஓக்லாண்ட்ரே. 2007-ல் கேரளத்தின் கக்கயம் காட்டிலிருந்து விவரிக்கப்பட்டது. அதுவும் இதே நாணல் மூங்கில் வாசி.

பச்சையாக ஒரு சின்னத் தவளையைப் பார்த்தேன். இதுதானா?

பெரும்பாலும் இல்லை. மலபார் பறக்கும் தவளையின் இளம் குஞ்சும் பச்சையாகவே இருக்கும். விரல்களைப் பாருங்கள். பறக்கும் தவளைக்குக் கைவிரல்களுக்கு இடையிலும் அகன்ற, நிறமுள்ள சவ்வு இருக்கும், புதர்த்தவளைக்கு அப்படி இருக்காது. பிறகு தொடையின் சாம்பல் நீலத்தையும் கண்ணின் பொன்னிறத் திட்டையும் தேடுங்கள். முதுகு மட்டும் தெரியும் படத்தை வைத்து இனத்தை முடிவு செய்யக் கூடாது. பக்கவாட்டில் கண், கைவிரல், தொடை மூன்றும் தெரியும் ஒரு படம், மேலிருந்து எடுத்த பத்துப் படங்களைவிடப் பயன்படும்.

நாணல் மூங்கில் வெட்டினால் மறுபடி துளிர்க்கிறதே. பிறகு என்ன பாதிப்பு?

அடிக்கடி வரும் கேள்வி இது, முக்கியமான கேள்வியும் கூட. கூடை, பாய் முடைய நாணல் மூங்கில் காலங்காலமாக வெட்டப்படுகிறது. கேரளத்தில் காகிதக் கூழுக்கும் பெருமளவில் வெட்டப்பட்டது. வெட்டிய புதர் மீண்டும் துளிர்ப்பதால், மேலிருந்து பார்க்கும்போது காடு அப்படியே பச்சையாகத் தெரியும். செயற்கைக்கோள் படத்திலும் இழப்பு தெரியாது.

ஆனால் புதுத் தண்டில் துளை இருக்காது. அது வளர்ந்து, முற்றி, ஒரு பூச்சியோ எலியோ சரியான இடத்தில் பிளவு ஏற்படுத்தி, அந்தப் பிளவு தவளை நுழையும் அளவுக்கு அமைந்த பிறகே அது வீடு. ஒவ்வொரு சுழற்சியிலும் முற்றிய தண்டுகளை வெட்டிக்கொண்டே போனால், மூங்கில் இருக்கும், தவளைக்கு இடம் இருக்காது. இந்த இனம் ஐயூசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் உள்ளவற்றின் பிரிவில் சேர்க்கப்பட்டதன் பின்னணியில் இருப்பது, மிகச் சிறிய பரப்பும் அந்தப் பரப்புக்குள் வாழிடம் கெடுவதும்தான்.

வெட்டு அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் எங்கள் கருத்து இது:

- மழைக்காலம் முழுவதும் வெட்டக் கூடாது. முட்டையும் காவல் தவளையும் உள்ளே இருக்கும் காலம் அது.
- புதரை மொட்டையடிக்காமல், பழுதில்லாத தண்டுகளை மட்டும் இடைவிட்டு எடுக்க வேண்டும். கைவினைக்கும் பழுதில்லாத தண்டுதான் உதவும், எனவே வெட்டுபவருக்கு இதில் நட்டமில்லை.
- அடியில் பிளவுள்ள தண்டைத் தொடாமல் விட வேண்டும். குனிந்து பார்த்தால் பிளவு தெரியும், கருத்த விளிம்போடு சிறு கீறலாக இருக்கும்.
- ஓடைக்கரைப் புதர்களை முழுவதும் விட்டுவிட வேண்டும். கோடையில் ஈரம் கடைசிவரை நிற்பது அங்கேதான்.

மூங்கில் பூத்துச் செத்துப்போனால் தவளை என்ன செய்யும்?

நாணல் மூங்கில் கூட்டமாகப் பூத்து, காய்த்து, பிறகு காய்ந்துவிடும். எல்லாப் புதர்களும் ஒரே நேரத்தில் பூப்பதில்லை என்பதால், அருகில் வயது மாறுபட்ட புதர்கள் இருந்தால் தவளை நகர்ந்துகொள்ள வாய்ப்புண்டு. சாலை, தோட்டம், அணை நீர்ப்பரப்பு ஆகியவை புதர்களைத் துண்டாக்கிய இடத்தில் அந்த வாய்ப்பு சுருங்கும். ஈரக்காடு இல்லாத நூறு மீட்டர்கூட 25 மில்லிமீட்டர் உடலுக்குப் பெரிய தடைதான்.

தேயிலை நிலம் காடாக மாற்றப்பட்டால் இதற்கு உதவுமா?

உதவலாம், எதை நடுகிறோம் என்பதைப் பொறுத்து. மாஞ்சோலைத் தோட்டங்கள் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட நிலம், குத்தகை 2028-ல் முடிகிறது. அங்கே காடு மீட்கும் திட்டம் வரும்போது மரக்கன்று எண்ணிக்கையை மட்டும் கணக்கில் எடுத்தால் தவளைக்கு ஒன்றும் கிடைக்காது. ஓடை ஓரங்களில் நாணல் மூங்கிலும் வர வேண்டும். அதன் விதை சதைப்பற்றுள்ளது, நெடுநாள் சேமித்து வைக்க முடியாது. பூக்கும் ஆண்டில் சேகரித்து உடனே விதைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள புதரின் வேர்க்கிழங்குத் துண்டுகளைப் பிரித்து மழைத் தொடக்கத்தில் நட வேண்டும். நிழலே இல்லாத திறந்த சரிவில் நட்டால் முதல் கோடையிலேயே காய்ந்துபோகும்.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 28-ஆம் பிரிவின்படி சுற்றுலா, படப்பிடிப்பு, ஆய்வு எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். பயணத்துக்கு முன் அம்பாசமுத்திரம் கோட்ட அலுவலகத்தில் அப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண பயணிக்குக் கிடைக்கும் அனுமதி சாலையோடு நின்றுவிடும், நாணல் புதருக்குள் நுழைய அல்ல. அது சரியான ஏற்பாடுதான். அந்தப் புதர் யானைக்குத் தீவனம். இரண்டடி தள்ளி நிற்கும் யானைகூட உள்ளே தெரியாது.

அனுமதி பெற்ற ஆய்வு மாணவர் எப்படிக் கணக்கெடுக்க வேண்டும்?

தண்டை வெட்டிப் பார்ப்பது கூடவே கூடாது. 4 மில்லிமீட்டருக்குக் குறைவான விட்டமுள்ள குழாய்க் கேமரா வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தடித்தது பிளவில் நுழையாது. முதலில் வெளியே நின்று குரல் கேளுங்கள். பிறகு தண்டை அசைக்காமல் பிளவின் ஓரமாகக் கேமராவை மெல்ல நுழைத்து, சுவரில் முட்டை இருக்கிறதா, ஆண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, சீக்கிரம் வெளியே எடுங்கள். கேமராவின் நுனியில் ஈரம் படிந்து படம் மங்குவது வழக்கமான சிக்கல். உடல் சூட்டில் சற்று நேரம் வைத்திருந்தால் படியாது. வேதிப்பூச்சு தடவ வேண்டாம்.

குறிக்க வேண்டியவை: கணுவிடையின் நீளம், விட்டம், பிளவின் நீளம், அகலம், தரையிலிருந்து உயரம், முட்டை எண்ணிக்கை, ஆண் உண்டா இல்லையா, நேரம், வெப்பநிலை, ஈரப்பதம். மாலையில் ஆண் இரை தேடப் போகும் என்பதால், அந்நேரத்தில் பார்த்துவிட்டு ‘கைவிடப்பட்ட முட்டை’ என்று எழுதுவது தவறான தரவு. அதே தண்டைப் பகலில் மீண்டும் பார்க்க வேண்டும். துளையில்லாத தண்டுகளையும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை இல்லாமல் வீடு எவ்வளவு அரிது என்று சொல்ல முடியாது.

அட்டை கடிக்காமல் இருக்க என்ன பூசிக்கொள்வது?

தவளை இருக்கும் இடத்தில் எதையும் பூசாதீர்கள். மூக்குப்பொடி, கிருமிநாசினி, பூச்சிவிரட்டி எல்லாமே தவளையின் தோல் வழியே உடலுக்குள் போகும். முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த அட்டைக்காலுறை அணிந்தால் போதும்.

கைட்ரிட் பூஞ்சை இங்கும் உண்டா? காலணியைக் கழுவ வேண்டுமா?

உண்டு. உலகின் பல நாடுகளில் தவளைகளைக் கூண்டோடு அழித்த இந்தப் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் பதிவாகியிருக்கிறது. இங்கே அதனால் பெருஞ்சாவு பதிவாகவில்லை. அதற்காக அலட்சியம் கூடாது, ஓரிடத்துச் சேற்றை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது நாம்தான்.

முதலில் தூரிகையால் சேற்றை முழுக்கத் தேய்த்து எடுங்கள். சேறு இருந்தால் மருந்து உள்ளே போகாது, பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பிறகு விர்கான் என்ற கிருமிநாசினியின் 1 சதவீதக் கரைசலில் 5 நிமிடம், அல்லது 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 15 நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசி, வெயிலில் முற்றிலும் உலர்த்துங்கள். இதை முகாமில் செய்ய வேண்டும், கழுவிய நீர் ஓடையில் கலக்கக் கூடாது.

வீட்டுத் தோட்டத்தில் துளையிட்ட மூங்கில் குழாய் வைத்தால் வருமா?

வராது. ஓரிடத்துக்கே உரிய மலைத்தவளை இது, பிடித்து வந்து வளர்ப்பதும் சட்டப்படி குற்றம். காட்டில் ஆய்வுக்காகச் செயற்கைக் குழாய் வைப்பது வேறு, அதற்கும் தனி அனுமதி வேண்டும்.

படம் கிடைத்தது. எங்கே பதிவிடலாம்?

உயிரினங்களைப் பார்த்த விவரத்தைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதியலாம். ஆபத்தான இனங்களின் துல்லிய இடத்தை அது தானாகவே மறைத்து, 0.2 பாகைச் சதுரத்துக்குள் ஏதோ ஓர் இடமாகக் காட்டும். ஆனால் நீங்கள் இனத்தைத் தவறாகக் குறித்தால் அந்த மறைப்பு இயங்காது, எனவே இருப்பிடத்தை ‘மறைக்கப்பட்டது’ என்று நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள். சமூக வலைத்தளங்களில் போடுமுன் படக்கோப்பிலுள்ள ஜிபிஎஸ் தகவலை நீக்குங்கள். பின்னணியில் மைல்கல், பாலம், பலகை தெரிந்தால் வெட்டிவிடுங்கள். துல்லியமான இடம் வனத்துறைக்கும் அந்தப் பகுதி ஆய்வாளர்களுக்கும் போனால் போதும்.